தடவிப் பார்த்த புள்ளடி

மேசை என் இடுப்புக்கும் கீழே இருந்தது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் எனக்கும் சேர்த்து ஒரே மேசையைப் போட்டிருந்தார்கள். கண் தெரியாதவன் குனிந்துதான் எழுதவேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ, நானறியேன். குனிந்தேன்.

மூன்று பக்கமும் மட்டையால் மறைத்திருந்தார்கள். தலையை உள்ளே விட்டதும் வகுப்பறையின் சத்தம் பாதியாகக் குறைந்தது. வெளியே தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று கூரைத் தகரத்தை மெல்லத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தது. மட்டைக்குள் பசை மணமும் சுண்ணக்கட்டி மணமும் கலந்து கிடந்தன. பாடசாலைப் பிள்ளை யாரோ மேசைப் பலகையில் கீறிவைத்த கோடுகள் விரலில் தட்டுப்பட்டன.

என் கையில் ஓர் அட்டை. அதற்குள் வாக்குச் சீட்டைச் செருகித் தந்திருந்தார்கள். ஒவ்வொரு சின்னத்துக்கும் நேராக ஒரு சதுர ஓட்டை, ஓட்டைக்குப் பக்கத்தில் மேடான புள்ளிகளால் இலக்கம். விரலை மேலிருந்து கீழே ஒரு தடவை இறக்கினேன். பிறகு திரும்பவும் ஏற்றினேன். எனக்கு அவசரமில்லை.

அந்த இடத்தில் எனக்கு வந்த சுகத்தைக் கண் தெரிந்தவர்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கிணற்றடியில் குளிக்கும்போதும், வெறும் வீட்டில் இருந்து ஏதாவது முணுமுணுக்கும்போதும், யாராவது பார்த்துக்கொண்டு நிற்கிறார்களோ என்ற எண்ணம் என்னோடு கூடவே இருக்கும். சத்தமில்லாமல் நிற்கிற மனிதரை எனக்குத் தெரியாது. ஆகவே நான் தனியாக இருக்கிறேன் என்று ஒருநாளும் நிச்சயமாகச் சொல்ல முடிந்ததில்லை.

இந்த மட்டைக்குள் மட்டும் யாரும் என்னைப் பார்க்கக்கூடாது என்று நாட்டின் சட்டமே சொல்லியிருந்தது. பேனையைப் பிடித்தபடி, தண்ணீரில் மல்லாந்து மிதக்கிறவனைப் போல நின்றேன்.

அந்த மேசைக்கு நான் வந்து சேர்ந்த வழியைச் சொல்லாமல், சீட்டில் புள்ளடி என்கிற பெருக்கல் குறியைப் போட எனக்கு மனமில்லை. நான் இப்படியே நிற்கிறேன். நீங்கள் என்னோடு கொஞ்சம் வெளியே வந்துவிட்டுத் திரும்பலாம்.

சத்தமாகச் சொன்ன இரகசியம்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன்: நான் புளியந்தீவில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி இணைக்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவன். குழந்தையாக இருந்தபோது வந்த ஒரு காய்ச்சலோடு பார்வை போனது. பார்த்த ஞாபகம் ஒன்றும் மிச்சமில்லை. எங்கள் ஊரான நாவற்குடாவில் என்னை "ஒப்பரேட்டர்" என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரனும் யோசிப்பான்.

மட்டக்களப்பு என்றதும் வெளியூர்க்காரர் கேட்கிற முதல் கேள்வி, வாவியில் மீன் பாடுவதைக் கேட்டிருக்கிறீர்களா என்பது. என்னிடம் அதை இரண்டு மடங்கு ஆவலோடு கேட்பார்கள். கண்ணில் எடுத்ததைக் கடவுள் காதில் சேர்த்துப் போட்டிருப்பார் என்று ஒரு கணக்கு. நான் மீன் பாடிக் கேட்டதில்லை. ஆனால் வாக்கெடுப்பு நிலையத்தில் ஒரு குசுகுசுப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதை நன்றாகக் கேட்டிருக்கிறேன்.

அப்போதைய சட்டம் வேறு. கண் தெரியாதவர் தன் விருப்பத்தைத் தலைமை அலுவலரிடம் சொல்லவேண்டும். அவர் இன்னோர் அலுவலரை வைத்துக்கொண்டு புள்ளடியைப் போட்டுத் தருவார். நான் முதன்முதலாகப் போனபோது இருந்தவர் நல்ல மனிதர். குரலில் ஒரு கனிவு இருந்தது. காது மட்டும் கொஞ்சம் மந்தம்.

"எந்தச் சின்னம் தம்பி?"

குனிந்து காதோடு சொன்னேன்.

"என்ன சொல்றீங்க?"

திரும்பவும் சொன்னேன். பிழை வந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் அவர் அந்தச் சின்னத்தின் பெயரை உரக்கச் சொல்லி, "இதுதானே?" என்று உறுதிப்படுத்திக்கொண்டார். கட்சி முகவர்கள் உட்கார்ந்திருந்த வாங்கு ஒரு தடவை கிறீச்சிட்டது.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். கல்யாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவான். வீடும் வளவும் பெண்ணின் பெயரில் இருக்கும். நானும் என் மனைவி தவமணியின் வீட்டுக்குத்தான் போனேன். சுற்றியுள்ள வளவுகளெல்லாம் அவளுடைய குடிச்சனம், அதாவது தாய்வழியாக வந்த சொந்தம். கோயில் திருவிழாவில் ஒரு நாள் அந்தக் குடிக்கு உரியது. தேர்தல் வந்தால் எந்தச் சின்னம் என்பதையும் குடிதான் பேசி முடிவெடுக்கும். நான் சொன்னது வேறு சின்னம்.

நான் வீட்டுப் படலையைத் திறப்பதற்கு முன்னமே செய்தி வீட்டுக்குப் போயிருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த முறை திருவிழாவில், மரியாதையாகக் கொடுக்கிற காளாஞ்சியை எனக்குத் தர மறந்துபோனார்கள். எனக்கு முன்னால் நின்றவனுக்கும் கொடுத்து, பின்னால் நின்றவனுக்கும் கொடுத்து, நடுவில் என்னை மறக்கிற மறதி அது.

அடுத்தடுத்த தேர்தல்களில் நான் திருந்திவிட்டேன். குடி சொன்ன சின்னத்தை முகவர்களுக்கு நன்றாகக் கேட்கும்படி கணீரென்று சொன்னேன். தலைமை அலுவலருக்கும் கஷ்டமில்லை. காளாஞ்சியும் வந்தது. நீங்கள் சிரிக்கலாம். எனக்கு அன்று கோயில் வீதியில் நின்றபோது அழுகைதான் வந்தது.

காதுக்குள் ஒரு தேர்தல்

பிறகு சட்டம் மாறியது. நாமே நம்புகிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம், அவர் புள்ளடி போட்டுத் தரலாம் என்றார்கள். வருகிறவர் வேட்பாளராகவோ அவருடைய முகவராகவோ இருக்கக்கூடாது. அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் ஜீ.எஸ். என்கிற கிராம சேவகர் ஒப்பமிடவேண்டும், அரசாங்க வைத்தியரும் ஒப்பமிடவேண்டும். நான் கண் தெரியாதவன் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். சட்டத்துக்கு மட்டும் ஒவ்வொரு தேர்தலிலும் புதிதாகச் சொல்லவேண்டும்.

ஆனாலும் அது நல்ல காலம். தவமணி என்னோடு வருவாள். இரண்டு பேரும் ஒரே மறைப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்போம். அவள் என் காதுக்குள் சின்னங்களை ஒவ்வொன்றாக வாசிப்பாள். அவளுடைய மூச்சு காதில் சுடும். தலையில் வைத்த தேங்காயெண்ணெய் மணக்கும். எனக்கு வேண்டிய சின்னம் வந்ததும் அவள் மணிக்கட்டை மெல்ல அழுத்துவேன். பேனை ஓடும். "போட்டாச்சு" என்பாள்.

கல்யாணத்துக்குப் பிறகு ஊர்நடுவில் எங்களுக்குக் கிடைத்த தனிமை அதுதான். இதை எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தால் அவள் இந்த வாரப் பத்திரிகையை வீட்டுக்குள் எடுக்கமாட்டாள்.

அவள் என் விருப்பத்துக்குத்தான் போட்டாளா என்று அப்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வியும் எழுந்ததில்லை. அவள் தம்பி ஜெகன் தேர்தலில் நிற்கும்வரை எழவில்லை.

ஒழுங்கையின் கடைசி

ஜெகன் கெட்டவனில்லை. என் வெள்ளைப் பிரம்பு முறிந்தபோது கொழும்பில் தேடி வாங்கிக்கொண்டு வந்து தந்தவன் அவன்தான். பிழை என்னவென்றால், அவனுக்கு எல்லாருடைய நன்மையும் தெரியும். அவரவருக்குத் தெரியாததும் அவனுக்குத் தெரியும்.

எங்கள் வளவுக்குப் பக்கத்தால் ஓர் ஒழுங்கை வாவிக்கரைக்குப் போகிறது. முதலில் இடப்பக்கம் ஒரு மதில். மதில் முடிய கிளுவை வேலி. வேலி முடிகிற இடத்தில் காலடியில் மணல் இளகும். பிறகு காற்று முகத்தில் சட்டென்று அகலமாகும். அதுதான் வாவி. கண்ணா மரங்களின் வேரடியில் தண்ணீர் நக்கிக்கொண்டிருக்கும். யாராவது வீச்சுவலை எறிந்தால் சல்லென்று விழும். பின்னேரங்களில் நான் அங்கே போய் ஒரு கல்லில் இருப்பேன். என்ன பார்க்கிறாய் என்று கேட்க அங்கே ஆளில்லை.

யாரையும் கேட்காமல், யாருடைய முழங்கையையும் பிடிக்காமல், இந்த உலகத்தில் நான் போய்வருகிற ஒரே பாதை அதுதான்.

ஒரு பின்னேரம் என் பிரம்பு தகரத்தில் மோதியது. விருந்தாளிகள் தங்குவதற்கு வாவிக்கரையில் அறைகள் கட்டப்போவதாகச் சொல்லி ஜெகன் ஒழுங்கையின் கடைசியை அடைத்துவிட்டான். அது பொதுப் பாதையா, குடிச்சொத்தா என்பதில் ஊரில் இரண்டு கருத்து இருந்தது. அவனுக்கு ஒரே கருத்துத்தான்.

"அத்தான், றோட்டால சுத்திப் போகலாந்தானே? சொல்லுங்க, நான் ஓட்டோ அனுப்புறன்," என்றான்.

கல்லில் போய்ச் சும்மா இருப்பதற்கு ஓட்டோ பிடித்துப் போகிறவன் யார்? அதை அவனுக்கு விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை.

கண் தெரியாதவர்களுக்குக் கனவு வருமா என்று சிலர் கூச்சத்தோடு கேட்பார்கள். வரும். படம் இராது, அவ்வளவுதான். சத்தம் வரும், மணம் வரும், கையில் படுகிறது வரும். அந்த நாட்களில் எனக்கு ஒரே கனவு. மதில், வேலி, மணல் எல்லாம் ஒழுங்காக வரும். தகரத்தில் கையை வைப்பேன். தகரம் குளிர்ந்த தண்ணீராக இருக்கும். கை உள்ளே போகும், தோள் போகும். மறுபக்கத்தில் யாரோ தோணியைக் கட்டுகிற சத்தம் கேட்கும். அதோடு முழிப்பு வந்துவிடும். கட்டிலில் கிடந்தபடி கையைத் தொட்டுப் பார்ப்பேன். ஈரமில்லை.

மாநகர சபைத் தேர்தல் வந்தது. எங்கள் வட்டாரத்தில் ஜெகன் நின்றான். அவனுக்கு எதிராகத் தையல்கடை வைத்திருக்கும் ஒரு பெண் நின்றாள். அவள் வீடு வீடாக வந்தாள். எங்கள் வீட்டுக்கும் வந்து, "ஐயா, அந்த ஒழுங்கை எல்லாருக்கும் உரியது. திறக்கிறதுக்கு நான் கேப்பன்," என்றாள். தவமணி அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். தம்பியின் எதிராளிக்குச் சீனி குறையவில்லை.

என் வாக்கு எங்கே போகும் என்பது அந்தத் தேத்தண்ணி ஆறுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

சொதிக்குள் போன விரல்

ஒருநாள் ஜெகன் வந்தான். வழக்கம்போல என் தோளில் கையைப் போட்டான்.

"அத்தானிட வோட்டப் பத்தி எனக்குக் கவலையில்ல. அக்காதானே கூட்டிக்கொண்டு வாறா," என்றான்.

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவன் போன பிறகும் அந்த வசனம் போகவில்லை. என் வாக்கு ஒரு பொதி, அக்கா அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாள் என்பதைப் போல இருந்தது.

அந்தக் கிழமைதான் கண் தெரியாதவர்கள் தாமே புள்ளடி போட அட்டை தருவார்கள் என்று வானொலியில் சொன்னார்கள். தவமணி குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்த முறை நான் தனியப் போறன்," என்றேன்.

மீன் வெட்டுகிற சத்தம் நின்றது.

"ஆரோட?"

"ஒருத்தரோடயும் இல்ல. அட்டை தருவாங்களாம். தடவிப் பாத்து நானே போடலாமாம்."

"இவ்வளவு நாளும் நான் பிழையாப் போட்டனோ?"

"அப்பிடிச் சொல்லேல்ல, தவம்."

"மறுகா என்னத்துக்கு?"

"எனக்கு ஒருக்கா நானே போட்டுப் பாக்கோணும்."

"போன முறை வராத ஆசை, தம்பி நிக்கக்குள்ளதான் வந்ததோ? நான் மாத்திப் போட்டுருவன் எண்டுதானே?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்கவேண்டும். நான் மூச்சு எடுக்கிற நேரம் அளவுக்குப் பிந்திவிட்டேன். என்னோடு இவ்வளவு காலம் வாழ்ந்தவளுக்கு அந்த மூச்சு போதும்.

"ஊர்ச்சனம் என்ன சொல்லும்? பொஞ்சாதிய நம்பாமத் தனியப் போனான் எண்டு சொல்லும். எனக்குத்தான் அந்தப் பேர்," என்றாள். மீனைத் திரும்பவும் வெட்டத் தொடங்கினாள். கத்தி பலகையில் கொஞ்சம் கூடுதலாக விழுந்தது.

அவள் சொன்னது உண்மைதான். நான் அங்கே தனியாகப் போய் நின்றால் ஊர் அவளைத்தான் பார்க்கும். போகாமல் விட்டால் என் வாக்கு ஜெகன் நினைத்த பொதியாகவே இருக்கும். இரண்டில் எதை விடுவது? அவளை வருத்தாமல் தனியாகப் போகிற வழியொன்று இருந்தால், அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் வீட்டில் சோறு வைக்கும்போது அவள் ஒரு வாய்ப்பாடு சொல்வாள். "வலப்பக்கம் மீன், இடப்பக்கம் சுண்டல், கோப்பையில சொதி, சுடுது." அன்று ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனாள். என் விரல் நேரே கொதிக்கிற சொதிக்குள் போனது. நான் சத்தம் போடவில்லை. அவள் கேட்டுக்கொண்டு நின்றிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

மட்டைக்குள்

தேர்தல் நாளன்று அவள் என்னோடு வந்தாள். முழங்கையை நீட்டினாள், பிடித்துக்கொண்டேன். வகுப்பறை வாசலில் கையை விடுவித்துக்கொண்டு பெண்களின் வரிசைக்குப் போய்விட்டாள்.

"உதவிக்கு ஆளில்லையா ஐயா?" என்று தலைமை அலுவலர் கேட்டார். இளங்குரல்.

"இல்ல. அட்டை தாங்க."

கொஞ்ச நேரம் பெட்டிகளையும் கடதாசிகளையும் கிளறுகிற சத்தம். அட்டையைக் கண்டுபிடித்தார்கள். இடது சின்ன விரலில் மை குளிராகப் பட்டது. ஒருவர் என்னை மூலையில் இருந்த பதிந்த மேசைக்குக் கொண்டுபோய் விட்டார். அன்று காலையில் அந்த மேசைக்கு வந்த முதல் ஆள் நான்தான் என்றார். அவர் விலகிப் போகிற காலடியைக் கடைசிவரை கேட்டேன்.

இப்போது நீங்களும் நானும் அந்த மேசைக்குத் திரும்பிவிட்டோம்.

ஓட்டையை விரலால் பிடித்துக்கொண்டேன். நூலில் கட்டியிருந்த பேனையை அதற்குள் நிறுத்தினேன். ஒரு கோடு. குறுக்கே இன்னொரு கோடு. அழுத்தித்தான் போட்டேன். சின்ன வயதில் பிரெய்ல் எழுதப் பழகிய கை அது. ஊசியால் தாளைக் குத்தினால் பின்பக்கத்தில் புள்ளி எழும்பும். திருப்பித் தடவி வாசிப்போம். எங்கள் எழுத்து அப்படித்தான்.

ஆகவே சீட்டை அட்டையிலிருந்து உருவி, திருப்பி, பின்பக்கத்தைத் தடவினேன். புள்ளடி இருந்தது. இரண்டு மெல்லிய வரம்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின. நான் போட்டது. என் கையால் போட்டது. தடவிப் பார்த்து நானே வாசித்தது.

சீட்டை மடித்துப் பெட்டிக்குள் போட்டேன். உள்ளே அது மற்றச் சீட்டுகளின்மேல் விழுந்த சத்தம் இலை விழுகிற அளவுக்குத்தான் இருந்தது. எனக்குக் கேட்டது.

வாகை நிழல்

வெளியே வாகை மரத்தின் கீழே ஒரு வாங்கு போட்டிருந்தார்கள். தவமணியின் முறை வரும்வரை அதில் இருந்தேன். மரத்தின் காய்ந்த நெற்றுகள் காற்றில் கலகலத்துக்கொண்டிருந்தன. வெயில் ஒரு முழங்காலில் இருந்து மற்ற முழங்காலுக்கு நகர்ந்தது. தூரத்தில் மோட்டார் சைக்கிள்கள் போயின. யாரோ "ஒப்பரேட்டர், போட்டாச்சா?" என்று கேட்டார்கள். "போட்டாச்சு," என்றேன். அந்தச் சொல்லை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. நித்திரையா விழிப்பா என்று தெரியாத ஓர் இடத்தில், வாவிக்கரைக் கல்லில் இருப்பவனைப் போல இருந்தேன்.

அப்போது வகுப்பறை யன்னலால் தவமணியின் குரல் வந்தது.

"இந்தப் பேனை எழுதுதில்ல."

"இருங்க அம்மா, வேற பேனை தாறன்." தலைமை அலுவலரின் இளங்குரல்.

மற்ற மறைப்புகளில் ஆட்கள் நின்றதால் அவளை மூலை மேசைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதன் பொருள் எனக்கு விளங்குவதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது.

"எனக்குத் தருவீங்க. அவருக்கு?"

"ஆருக்கு அம்மா?"

"இப்ப இதில போட்டிட்டுப் போன என்ட மனுசனுக்கு. அவர் இந்தப் பேனையாலதானே போட்டவர். மை வந்துதா இல்லையா எண்டு கண் தெரியாத மனுசன் எப்பிடிப் பாப்பார்?"

என் கைவிரல் தானாகவே முழங்காலில் ஒரு புள்ளடியைத் தடவியது. சீட்டில் பள்ளம் இருந்தது. மை இருக்கவில்லை. விரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

"பெட்டிக்குள்ள போட்டாச்சே அம்மா. போட்டதை எடுக்கேலாது. இன்னொரு சீட்டுத் தரவும் ஏலாது. சட்டம் அப்பிடி."

"பேனை எழுதுதா எண்டு முதல்ல பாத்து வைக்கச் சட்டம் இல்லையோ?"

"தவறுதான் அம்மா. நான் குறிச்சு வைக்கிறன்."

"குறிச்சு வைச்சா அவர்ட புள்ளடி வருமோ?"

முகவர்களின் வாங்கிலிருந்து ஒரு குரல் சமாதானம் பேசியது. ஜெகனுடைய ஆள்.

"அக்கா, விடுங்க. ஒரு வோட்டுத்தானே. அதுவும்..."

"அதுவும்? சொல்லன். தம்பிக்கு விழுற வோட்டில்ல எண்டுதானே சொல்ல வாறாய்? எனக்குத் தெரியாதோ? அவர் ஆருக்குப் போட்டிருப்பார் எண்டு இந்த ஊருக்கே தெரியும். ஆருக்குப் போட்டாலும் அது அவர்ட வோட்டு. நானும் வேணாம் எண்டு தனிய வந்து, குனிஞ்சு நிண்டு போட்டவர். அதை வெறுங்கடதாசியா வாங்கிப் போட்டிட்டு, 'விடுங்க' எண்டு சொல்றாய்."

என் இரகசியம் மறுபடியும் யன்னலால் பறந்து போனது. இந்த முறை அதை ஊருக்குச் சொன்னது என் மனைவி. எனக்குக் கோபம் வரவில்லை. வாங்கின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதேன். வாக்குப் போனதற்காக அழுதேனா, அவளுக்காக அழுதேனா என்று கேட்டால், இரண்டுக்கும்தான்.

நான் மணிக்கட்டை அழுத்திச் சொன்னதை இவள் ஒருநாளும் மாற்றிப் போட்டிருக்கமாட்டாள். இனி அதை யாரும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை.

வேறு பேனை கொடுத்தார்கள். அவள் தன் வாக்கைப் போட்டாள். மூலை மேசைக்கும் எழுதுகிற பேனை வைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு எழுதியிருக்கும். என் சீட்டை எண்ணுகிற இடத்தில் வெறுஞ்சீட்டு என்று ஒதுக்கியிருப்பார்கள். அங்கே யாராவது ஒருவர் அதை விரலால் தடவிப் பார்த்திருந்தால் என்று இப்போதும் சில பின்னேரங்களில் நினைப்பதுண்டு.

ஒரே ஒரு வாக்கால் ஜெகன் வென்றான் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். அப்படியில்லை. நல்ல வித்தியாசத்தில் வென்றான். தகரம் இன்றும் அப்படியே நிற்கிறது. அவன் என்னோடு பேசுகிறான், தோளில் கையும் போடுகிறான். அக்காவோடுதான் பேச்சில்லை. வாக்கெடுப்பு நிலையத்தில் நாலு பேருக்கு முன்னால் தன்னை விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று அவனுக்கு மனவருத்தம். அவள் அதை ஒருவரிடமும் சொல்லி அழுததில்லை. பலகாரம் சுடுகிற நாளில் மட்டும் தம்பிக்கென்று ஒரு பங்கை எடுத்துவைத்துவிட்டு, பிறகு எங்கே கொடுத்தனுப்புவது என்று தெரியாமல் நிற்பாள். எனக்காக அவள் கொடுத்த விலை அது.

அன்று அவள் வகுப்பறையிலிருந்து வந்து என் முன்னால் நின்றாள். மூச்சு வாங்கியது. முழங்கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு எழும்பினேன். கச்சான் காற்று எதிரே அடித்தது. அவள் சேலைத் தலைப்பு என் கையில் பட்டுப் பட்டுப் போனது. பாடசாலை மதில் முடிகிற இடத்துக்கு வந்தோம்.

"ஏன் அப்பிடிச் சத்தம் போட்டாய்?" என்று கேட்டேன்.

"மறுகா, பாத்துக்கொண்டு நிக்கச் சொல்றீங்களோ?"

பிறகு கொஞ்ச தூரம் நடந்தோம். மணல் சுட்டது.

"அடுத்த முறை நானும் வருவன்," என்றாள். "பேனை எழுதுதா எண்டு பாத்துத் தந்திட்டு வெளியில வந்து நிப்பன்."

"வெளியில ஏன்? நான் போடுற கட்டத்தையும் பாரன்," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவள் நடையை நிறுத்தவில்லை. முழங்கையால் என் கையை இறுக்கிக்கொண்டாள்.

"அது எனக்கென்னத்துக்கு? அது உங்கட வோட்டு."